கந்தக ஜாக்கின் புது உருளை

கையிலிருந்து நழுவிய கேப்பு உருண்டு அடுப்புக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. காலையிலிருந்து இதே கதைதான். ஹார்லன் டீக் மண்டிபோட்டு, ஒரு கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்து, கரண்டிக் காம்பால் துழாவிக்கொண்டிருந்தார்.

மனைவி வெர்னா கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். தரையில் கிடந்த புருஷனைத் தாண்டிப் போய்க் கையைக் கழுவினாள்.

"என்ன தேடுற?"

"பூச்சி."

"அதை எதுக்குத் தேடணும்? அதுவா வரும்."

கேப்பு என்பது மிளகு அளவுச் செப்புக் குப்பி. பழைய காலத்து மாதிரி ரிவால்வரில் குண்டு நிரப்புகிற உருளையின் பின்பக்கம் இருக்கிற குமிழ்களில் அதை ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். விசையை இழுத்தால், குதிரை என்கிற சுத்தியல் வந்து அதன் மண்டையில் அடித்துப் பொறி பறக்கும். பொறி பறந்தால் உருளைக்குள் கெட்டித்து வைத்த கருமருந்து பிடிக்கும். மருந்து பிடித்தால் ஈயக் குண்டு போகும். கேப்பு மாட்டவில்லை என்றால் கையில் இருப்பது துப்பாக்கி இல்லை, இரண்டு ராத்தல் இரும்பு.

மாட்டுவதற்குக் கட்டைவிரல் வேண்டும். ஹார்லனின் கட்டைவிரல்கள் இரண்டும் போன குளிர்காலத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியவை, இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. கேப்பு மாட்டுவதற்கென்று கடையில் ஒரு கருவி விற்கிறார்கள்தான். அதை வைத்திருக்கிறவர்களை எல்லாம் தையற்காரிகள் என்று இத்தனை வருஷம் பரிகாசம் பண்ணிவிட்டு இப்போது எந்த முகத்தோடு போய் வாங்குவது?

டார்பெல் ஓடைத் துப்பாக்கிச் சங்கத்தின் கோடைப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சங்கத்தில் சேருகிறவன் முதலில் ஒரு பழைய காலத்துப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் விட்டுக்கொடுக்கும் வரை அந்தப் பெயரை வேறு எவனும் தொட முடியாது. ஹார்லனின் பெயர் கந்தக ஜாக். கருமருந்துப் பிரிவில் அவரையும் சேர்த்து ஏழு பேர். உதிரியாகக் கொட்டும் கருமருந்து, ஈயக் குண்டு, மேலே பூசப் பன்றிக் கொழுப்பு, பின்னால் கேப்பு, இவ்வளவுதான் அந்தப் பிரிவில் செல்லும். எல்லாம் ஒன்றாய் அடைத்து வரும் பித்தளைத் தோட்டா ஆகாது. ஒன்பது வருஷமாக அந்தப் பிரிவின் பரிசான பெல்ட் பக்கிள் ஹார்லனைத் தவிர வேறொருவன் இடுப்பைப் பார்த்ததில்லை.

ஜெயித்தால் மட்டும் போதுமா? விருந்தில் பேசவும் வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பீன்ஸும் சோளரொட்டியும் தின்று முடித்ததும் ஹார்லன் எழுந்து நிற்பார். பித்தளை போட்டுச் சுடுகிறவன், டப்பாப் பாலை வாங்கி வைத்துக்கொண்டு நான் மாடு வளர்க்கிறேன் என்று சொல்கிறவன் மாதிரி என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். போன வருஷம் இன்னும் ஒரு படி மேலே போய் மேஜையில் குத்திச் சொன்னார்: "என் துப்பாக்கியில பித்தளை ஏறுற அன்னைக்கு, கந்தக ஜாக்குங்கிற பேரை இந்த மேஜை மேல வச்சிட்டு நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு மரியாதை என்று ஹார்லன் எடுத்துக்கொண்டார்.

இப்போது அவர் அடுப்புக்கு அடியில் கிடந்தார். கேப்பு கிடைத்தது. மாட்டப் போனபோது மறுபடி நழுவியது.

மூன்றாம் நாள் ஹார்லன் ஒரு விளம்பரத்துக்குப் பதில் எழுதினார். மாற்று உருளை. பழைய உருளையைக் கழற்று, இதைப் போடு, அவ்வளவுதான். துப்பாக்கியை வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். இனிமேல் அதே துப்பாக்கியில் பித்தளைத் தோட்டா பாயும் என்று அதில் போட்டிருந்தது. பக்கத்தில் ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். விளம்பரத்தில் சிரிக்கிறவனை ஹார்லன் ஜன்மத்தில் நம்பியதில்லை. ஆனாலும் அவனுக்குக் கட்டைவிரல் நன்றாக இருந்தது.

பெட்டி வந்த அன்று ஹார்லன் வேலி பார்க்கப் போயிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கியது வெர்னா.

"என்னமோ உருளைன்னு எழுதியிருக்கு. என்னது இது?"

ஹார்லனுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. பழக்கம் இல்லாதவர்கள் சொல்லும் பொய் இப்படித்தான் இருக்கும்: "கிணத்து மோட்டாருக்கு."

"மோட்டார் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடும். திடீர்னு நின்னா?"

வெர்னா பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருஷமாக வீட்டில் எதுவும் உடைவதற்கு முன்னால் சரிபண்ணாத மனிதன் இப்படிப் பேசியதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீர் விஷயமாச்சே, நீ நோண்டிக் கெடுக்காதே, தெரிந்தவனைக் கூப்பிடுவோம் என்று சொல்லி, ஹார்லன் வாயைத் திறப்பதற்குள் லோவெல் கிரிம்ஸுக்குப் போன் போட்டுவிட்டாள்.

லோவெல் கிரிம்ஸ் அந்த வட்டாரத்தில் கிணற்று மோட்டார் வேலை செய்கிறவன். அது மட்டும் என்றால் பரவாயில்லை. கருமருந்துப் பிரிவில் வருஷா வருஷம் ஹார்லனுக்கு அடுத்தபடியாக வருகிறவனும் அவனேதான். நல்ல குறி. ஆனால் வருஷம் தவறாமல் இரண்டாவது சுற்றில், வெடித்த கேப்புத் துண்டு உள்ளே விழுந்து சிக்கிக்கொண்டது என்று துப்பாக்கியைக் குலுக்கிக்கொண்டு நிற்பான். கேப்பு மாட்டத் தெரியாத பயல் என்று ஹார்லன் அவனிடமே சொல்லியிருக்கிறார்.

அவன் நாளைக் காலையில் வருகிறான். வந்தால் மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் அந்த உருளை எங்கே, காட்டு என்பான். ஹார்லன் யோசித்துப் பார்த்தார். ஒரே வழிதான் தெரிந்தது. உருளையை மாவு டப்பாவுக்குள் புதைத்தார். பிறகு மோட்டார் கொட்டகைக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றி, நாலைந்து பாகங்களை இடம் மாற்றி வைத்தார்.

விடிந்து குழாயைத் திறந்த வெர்னாவுக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அவள் கோபப்படவில்லை. "நீ சொன்னப்போ நான்கூட நம்பல, ஹார்லன்" என்று அவர் தோளைத் தட்டினாள். ஐம்பது மாடு, ஒரு நாய், முப்பது கோழி எல்லாம் தாகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன.

லோவெல் வந்தான். மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். இது தேய்ந்து கெட்ட மாதிரி தெரியவில்லை, குரங்கு புகுந்த மாதிரி இருக்கிறது என்றான். மதியம்வரை வேலை செய்து ஓடவிட்டான். பிறகு வெர்னா அவனைச் சமையலறையில் உட்காரவைத்து ஆப்பிள் பை வெட்டி வைத்தாள். புதுப் பாகம் வந்திருந்ததே, அதைப் போட்டீர்களா என்று கேட்டு, மேஜையின் மூலையில் இருந்த காலிப் பெட்டியைக் காட்டினாள்.

ஹார்லன் பெட்டியை மறந்துவிட்டிருந்தார்.

லோவெல் பெட்டியின்மேல் இருந்த கம்பெனிப் பெயரைப் படித்தான். முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. அவன் கழுத்து சிவந்தது, பிறகு வெளுத்தது. ஹார்லனை ஒரு பார்வை பார்த்தான். ஹார்லன் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் வரேன்" என்றான் லோவெல். ஆப்பிள் பையை ஒரு வாய்கூடத் தின்னவில்லை. கூலியும் வாங்கவில்லை. அவன் வண்டி வாசலைத் தாண்டும்போது வேலிக்கம்பத்தில் உரசிக்கொண்டு போனது.

"பாவம், உடம்பு சரியில்ல போல" என்றாள் வெர்னா.

உடம்பா? அவன் நேராகப் போய் மற்ற ஐந்து பேரிடமும் சொல்லப்போகிறான் என்று ஹார்லனுக்குத் தெரிந்துவிட்டது. அன்று முழுக்கப் போன் அடிக்குமா என்று காத்திருந்தார். அடிக்கவில்லை. அடிக்காதது இன்னும் மோசம். எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு போட்டியன்று மைதானத்தில் வைத்துப் பிடிக்கப் போகிறார்கள். லோவெல் அப்படிப்பட்ட ஆள்தான். அமைதியாக இருக்கிறவன் எவனையும் நம்பக்கூடாது.

பிடிக்கட்டும் பார்க்கலாம் என்று நினைத்தபோது ஹார்லனுக்கு முதுகு நிமிர்ந்தது. பிடிபடாத மாதிரி செய்துவிட்டால்?

மாவு தட்டி எடுத்த உருளையைக் களஞ்சியத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார். அச்சு வார்த்த மாதிரி உட்கார்ந்தது. கடைத் தோட்டா ஐந்தைப் போட்டு ஒரு பழைய பால்கேனைச் சுட்டார். ஐந்தும் பட்டன. கட்டைவிரலுக்கு வலியே இல்லை. ஒரு நிமிஷம் ஹார்லனுக்கு வயது முப்பது ஆனது.

பிறகுதான் கவனித்தார். புகை இல்லை. இந்தக் காலத்து மருந்து. ஒரு கொட்டாவி அளவுக்குக்கூடப் புகையவில்லை. அவர் பழைய முறையில் ஒரு தடவை சுட்டால் சாணி மூட்டம் போட்ட மாதிரி மேகம் எழும்பும், அழுகிய முட்டை நாற்றம் மூக்கைப் பிடுங்கும். கந்தக ஜாக் கந்தகம் இல்லாமல் போய் நின்றால் குருடன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

ஆக, காலித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை வாங்கி, கருமருந்தை அவரே அடைத்தார். அடைக்கிற கருவியின் கைப்பிடியை அழுத்தி அழுத்தி உள்ளங்கை வீங்கியது. ஆனால் புகை வந்தது. நாற்றமும் வந்தது. வெர்னா சமையலறை ஜன்னலைச் சாத்தினாள்.

அடுத்தது கேப்பு. பழைய முறையில் சுடுகிறவன் நின்ற இடத்தில் வெடித்த கேப்புத் துண்டுகள் சிதறிக் கிடக்கும். இவர் நின்ற இடம் கூட்டிப் பெருக்கிய மாதிரி இருந்தால்? வெடித்த கேப்பு கைநிறைய வேண்டும். வெடித்த கேப்பை எவன் விற்கிறான்? பழைய உருளையை மறுபடி மாட்டினார். களஞ்சியத்தில் உட்கார்ந்து, வெற்று உருளையில் கேப்பை மாட்டி மாட்டி வெடிக்கவைத்தார். கேப்பு மாட்ட முடியாமல்தான் உருளை வாங்கினார். இப்போது அந்த உருளையை மறைப்பதற்காக வருஷம் முழுக்க மாட்ட வேண்டிய கேப்பை ஒரே வாரத்தில் மாட்டித் தீர்த்தார். கட்டைவிரல்கள் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தன.

கடைசியாகக் கொழுப்பு. பழைய முறையில் குண்டுக்கு மேலே பன்றிக் கொழுப்பு பூசுவார்கள், உருளையில் ஒரு குழியின் நெருப்பு பக்கத்துக் குழிக்குத் தாவாமல் இருக்க. அதனால் அந்தப் பிரிவுக்காரர்களின் சட்டைக் கை எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். தோட்டா போடுகிறவனுக்குக் கொழுப்பு எதற்கு? ஆனாலும் ஹார்லன் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வழித்துப் பூசிக்கொண்டார். அன்று முதல் நாய் டியூக் அவர் கையைவிட்டு நகரவில்லை. மாட்டை மேய்க்க வேண்டிய நாய், போட்டிக்கும் வண்டியில் ஏறிக்கொண்டது.

போட்டியன்று காலை தொப்பியும் தோல் மேல்சட்டையுமாக ஏழு பேரும் கூடினார்கள். வழக்கமாக எல்லாரும் ஒரே நீள மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் மருந்து நிரப்புவார்கள். அங்கே ஹார்லன் இத்தனை வருஷமும் தன் துப்பாக்கியைத் தவிர வேறெவன் கையையும் பார்த்ததில்லை; ஆனால் மற்றவர்கள் பார்ப்பார்களே, அங்கே நின்றால் தொலைந்தார். வரும் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார்பண்ணி வைத்திருந்தார். காற்று பலமாக இருக்கிறது, மருந்து பறக்கிறது, ஆகையால் அவரவர் வண்டியில் நிரப்பிக்கொண்டு வந்தால் என்ன என்று ஆரம்பித்தார். லோவெல் எழுந்து நின்று எதிர்ப்பான், அங்கேயே பிடிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"நல்ல யோசனை" என்றான் லோவெல்.

ஆறு கைகள் மேலே போயின. ஹார்லன் பேச்சை முடிக்கவே இல்லை; இரண்டு பேர் அதற்குள் பாதி தூரம் வண்டியை நோக்கி நடந்துவிட்டார்கள். அன்று ஓர் இலைகூட அசையவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

ஹார்லனுக்கு நெஞ்சு விம்மியது. கந்தக ஜாக் சொன்னால் டார்பெல் ஓடையில் எதிர்ப்பேச்சு கிடையாது. பிறகு சந்தேகமும் வந்தது. இவ்வளவு சுலபமாகவா? என்னைத் தனியாக விட்டுவிட்டு ஒளிந்திருந்து பார்க்கப் போகிறார்கள். வண்டியின் எல்லாக் கண்ணாடியிலும் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு தோட்டாவைப் போட்டார்.

முதல் சுற்று. ஐந்து இரும்புத் தட்டு. மணி அடித்த மாதிரி ஐந்தும் பேசின. புகை எழும்பிக் கூட்டத்தை மறைத்தது. அந்தப் புகைக்குள் ஹார்லன் பையில் கைவிட்டு, வெடித்த கேப்பு ஒரு பிடியை எடுத்துக் காலடியில் தூவினார், கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி.

சுட்டு முடித்ததும் நடீன் பூலின் மேஜைக்குப் போக வேண்டும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். சுட்டு வருகிற ஒவ்வொரு துப்பாக்கியையும் பார்த்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்வது பல வருஷமாக அவள் வேலை. சமையலறைக் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள், ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். மூக்குக்கண்ணாடி கயிற்றில் கழுத்தோடு தொங்கும். அதை அவள் கண்ணில் மாட்டி ஹார்லன் பார்த்ததில்லை.

ஹார்லன் துப்பாக்கியைச் சாய்த்து, உருளையின் பின்பக்கத்தை உள்ளங்கையால் மூடி நீட்டினார். டியூக் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"காலி" என்றாள் நடீன்.

பார்வை போய்விட்டது பாவம் என்று ஹார்லன் நினைத்தார். அந்தப் பாவத்துக்காகக் கடவுளுக்கு நன்றியும் சொன்னார்.

இரண்டாவது சுற்றும் அப்படியே போனது. ஐந்துக்கு ஐந்து. லோவெலும் ஐந்துக்கு ஐந்து, அதுவும் சிக்காமல். இரண்டாவது சுற்றில் லோவெலுக்குச் சிக்காமல் இருப்பது இதுதான் முதல் தடவை. இவன் ஏதோ திட்டத்தோடு வந்திருக்கிறான் என்று ஹார்லனுக்கு வியர்த்தது. வியர்வையைத் துடைக்கப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தார். கூடவே ஒரு பித்தளைக் கூடு வந்து, தரையில் விழுந்து, வெயிலில் தகதகவென்று மின்னியது.

அது விழுந்த இடம் அவருக்கும் லோவெலுக்கும் சரி நடுவில்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பாம்பைப் பார்த்த மாதிரி பார்த்தார்கள். ஹார்லன் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார். அதே நொடியில் லோவெலும் காலைத் தூக்கி வைத்தான்; அது ஹார்லனின் பூட்ஸ் மேல் விழுந்தது. இருவரும் அப்படியே நின்றார்கள், நடனம் பழகுகிறவர்கள் மாதிரி.

"மழை வருமா?" என்றார் ஹார்லன்.

"வரலாம்" என்றான் லோவெல். அவன் நெற்றியிலும் வியர்வை.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. லோவெல்தான் முதலில் குனிந்தான். கூட்டை எடுத்து, தன் சொந்தப் பையை அவசரமாக ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டு, ரைஃபிள் பிரிவுப் பயல்கள் கண்ட இடத்தில் போடுகிறார்கள் என்று முணுமுணுத்து, ஓடையின் பக்கம் தூர எறிந்தான். ஹார்லனின் கண்ணைப் பார்க்காமல் நடந்துபோய்விட்டான்.

தெரிந்துவிட்டது. அவனுக்கு எல்லாம் தெரியும். எலியைப் பூனை விளையாட விடுகிற மாதிரி என்னை விட்டுவைத்திருக்கிறான். ஹார்லன் வண்டிக்குள் துணி மறைவில் உட்கார்ந்து யோசித்தார். ஒன்று புரிந்தது. நான் ரொம்பச் சுத்தமாகச் சுடுகிறேன். கேப்பு போட்டுச் சுடுகிறவனுக்கு ஒரு நாளில் ஒரு தடவையாவது சிக்கும். அதுதான் காட்டிக்கொடுக்கிறது. மூன்றாவது சுற்றில் சிக்கியே ஆக வேண்டும்.

மூன்றாவது சுற்றில் மூன்றாவது தட்டு விழுந்ததும் ஹார்லன் சிக்கினார். குதிரையை இழுக்கத் தெரியாதவர் மாதிரி இழுத்தார். துப்பாக்கியை வானத்தைப் பார்த்துக் குலுக்கினார். ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்துக்கொண்டார். கூட்டம் உச்சுக்கொட்டியது. நடிப்பு அவருக்கே பிடித்துப்போய்விட்டது. இன்னொரு தடவை குலுக்கினார். பிறகு மிச்ச இரண்டு தட்டையும் அடித்துவிட்டு, நேரம் குறிக்கிற கைக்கடிகாரக்காரனைப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே சிக்கிவிட்டார்.

லோவெல் வந்தான். சிக்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேர வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டான்.

விருந்தில் பக்கிளை லோவெலின் கையில் கொடுத்தார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஹார்லன் உட்கார்ந்துகொண்டே பீன்ஸ் தின்றார். தோற்றது எரிந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. பிடிபடவில்லை. பெயர் பிழைத்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

லோவெல் பேச எழுந்தான். பக்கிளைப் பார்த்தான், ஹார்லனைப் பார்த்தான். ஜெயித்தவன் முகமாக இல்லை அது.

"இதை நான் வாங்கிக்கிட்டாலும் இது என்னோடது இல்ல. இந்த மைதானத்துல பழைய முறையில நிஜமா சுடுறவர் ஒருத்தர் இருக்கார். அவர் பக்கத்துல நின்னு சுட்டேன்னு சொல்லிக்கிறதுதான் எனக்குப் பெருமை. ஹார்லன், நீங்கதான் அது."

எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். ஆறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு தட்டினார்கள்.

ஹார்லன் கையிலிருந்த சோளரொட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். பிடித்திருந்தால் சண்டை போட்டிருப்பார். நல்லவன் என்று சொன்னால் என்ன செய்வது? திருட்டுக் கையோடு அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக ஹார்லன் டீக்கால் முடியாது. பெயர் போனாலும் போகட்டும். நடந்தே போய்விடலாம்; வீடு பதினோரு மைல்தான்.

அவர் எழுந்தார். உறையிலிருந்து ரிவால்வரை எடுத்தார். எல்லாரும் பார்க்க உருளையைக் கழற்றி, பீன்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தார். அது ஒரு தடவை உருண்டு, தன் பின்பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டி நின்றது. கேப்புக் குமிழ் ஒன்றுகூட இல்லை.

"பித்தளை போட்டுத்தான் சுட்டேன். இன்னைக்கு மூணு சுத்தும். என் விரல் போயிடுச்சு, அதைச் சொல்ல வாய் வரல. நானா சொன்ன வார்த்தை, நானே காப்பாத்துறேன். கந்தக ஜாக்குங்கிற பேரு இதோ மேஜை மேல இருக்கு."

ஒருவன் இருமினான். இன்னொருவன் பீன்ஸைத் தன் மடியிலேயே கொட்டிக்கொண்டு, துடைக்கவும் இல்லை. ஹார்லன் தொப்பியை எடுத்துக்கொண்டு நடக்கத் தயாரானார்.

"அதை எடுத்து உள்ள வைங்க, ஹார்லன்" என்றான் லோவெல், மெதுவாக. பிறகு கூட்டத்தைப் பார்த்து, பெயர் அவரிடமே இருக்கட்டும் என்கிறவர்கள் என்று ஆரம்பித்தான். கேள்வி முடியவில்லை. கருமருந்துப் பிரிவின் ஆறு கைகளும் மேலே நின்றன. இனிமேல் இதைப் பற்றி எவனும் எங்கேயும் பேசக்கூடாது என்று ஒருவன் சொன்னான். அதற்கும் ஆறு கைகள். இனிமேல் விருந்தில் பேச்சே வேண்டாம், சாப்பாடு மட்டும் போதும் என்று இன்னொருவன் சொன்னான். அதற்கு இரண்டு கையும் தூக்கினார்கள்.

பிறகு ஒவ்வொருவனாக வந்து ஹார்லனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். ஒருவனுக்குக் கண் கலங்கியிருந்தது. லோவெல் பக்கிளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தன் வண்டிக்குப் போய்விட்டான்.

ஹார்லன் உருளையை எடுத்துத் துப்பாக்கியில் திரும்ப மாட்டினார். எழுபது வயதில் முதல் தடவையாக மனிதர்களைப் பற்றித் தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது. இவ்வளவு பெரிய பாவத்தை ஆறு பேர் ஒரு நொடிகூட யோசிக்காமல் மன்னித்திருக்கிறார்கள் என்றால், கந்தக ஜாக் இந்த ஊருக்கு எப்படிப்பட்ட ஆளாக இருந்திருக்க வேண்டும். அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. நடை மாறியது. காப்பிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்த நடீனிடம் போய், மேஜையில் சாய்ந்துகொண்டார்.

"பாத்தியா நடீன்? ஒருத்தன்கூடக் கேள்வி கேக்கல. ஒன்பது வருஷம் நிஜ மருந்துல நின்னு சம்பாதிச்ச மரியாதை அது. அதான் மன்னிச்சுட்டாங்க."

நடீன் கையைத் துடைத்துக்கொண்டு, கழுத்தில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மன்னிக்காம என்ன பண்ணுவாங்க, ஹார்லன்? ஒன்பது வருஷமா அந்த ஆறு பேரும் இதே உருளையைப் போட்டுக்கிட்டுத்தானே உன்கிட்ட தோத்துக்கிட்டு இருந்தாங்க."